மிச்சக் கலவை

நான் கோவக்காரி. இதை முதல்லயே சொல்லிட்டா நல்லது. இந்தக் கதையில பாதிச் சிக்கல் என் வாயால வந்தது. மீதிப் பாதியும் அதே வாயால வந்ததுதான்னு கடைசியிலதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

2008, வைகாசி மாசம். சென்னையில எம்.டெக். கடைசி செமஸ்டர்ல இருந்தேன். என்ன படிப்புன்னு ஊர்ல யாராவது கேட்டா, பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கேட்டவங்க ரெண்டு தெரு தாண்டிப் போயிருப்பாங்க. நெலத்துக்கு அடியில, கடல்ல, காத்துல நடக்கிறத எல்லாம் சமன்பாடா எழுதி, கம்ப்யூட்டர்ல ஓட விட்டு, இனிமே என்ன நடக்கும்னு பாக்குற படிப்பு. அப்படி ஓட விடுறதுக்குப் பேரு மாடல். எங்க வகுப்புல பதினோரு பேரு. ஒருத்தன் வங்காள விரிகுடாப் புயல எடுத்துக்கிட்டான். ஒருத்தி இமயமலைப் பனிய எடுத்துக்கிட்டா. நான் எங்க ஊர்க் கிணத்த எடுத்துக்கிட்டேன். "கெணறு பாக்குறதுக்கா பூமயிலு மெட்ராசு வரைக்கும் போயிருக்கா?"ன்னு கூத்தையா மாமா டீக்கடையில கேட்டாராம். அவரு எங்க ஊர்க் கொத்தனாரு. சொந்தம் ஒண்ணும் இல்ல, மொறைக்கு மாமா.

எங்க ஊரு உப்பூருக்குக் கொஞ்சம் வடக்க, கடல ஒட்டி. எங்க தோண்டுனாலும் உப்பு. எங்க புஞ்சையில இருக்கிற ஒரே ஒரு கிணத்துல மட்டும் நல்ல தண்ணி. நெலம் எங்களோடது, தண்ணி ஊருக்கு. அறுபது வீடும் அங்கனதான் எறைக்கும். அய்யாவும் ஆத்தாவும் போனப்புறம் அந்தப் புஞ்சையப் பாத்துக்கிறது எங்கண்ணன் செல்லச்சாமியும், மதினி பாண்டியம்மாளும். என்னைப் படிக்க வச்சதும் அவங்கதான்.

கடக்கரை மணலுக்கு ஒரு கணக்கு இருக்கு. மழைத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெதந்துக்கிட்டு நிக்கும், சாம்பாருக்கு மேல எண்ணெய் நிக்கிற மாதிரி. மேல நல்ல தண்ணி ஒரு அடி எறங்குனா, அடியில இருக்கிற உப்புத் தண்ணி நாளடைவுல நாப்பது அடி மேல ஏறி வரும். ஒண்ணுக்கு நாப்பது. நூறு வருசத்துக்கு முந்தியே யாரோ கண்டுபிடிச்சு வச்சது. அதனால எங்க கிணத்துல தண்ணி எத்தனை அடியில நிக்குதுங்கிறதுதான் எனக்கு உசிரு. அத வாரம் ரெண்டு தடவை யாராவது அளக்கணும். நான் சென்னையில. அண்ணன் கமுதிச் சந்தைக்கும் வயலுக்கும் அலையிற ஆளு. மிஞ்சுனது மதினி.

2006 ஐப்பசியில மதினி கையில ஒரு டேப்பக் குடுத்தேன். நுனியில வலைக்குக் கட்டுற ஈயக் குண்டு. "செவ்வாயும் சனியும், விடிஞ்சதும், ஊரு எறைக்க வர்றதுக்கு முந்தி, கைப்பிடிச் சுவத்து விளிம்புல வச்சு எறக்குங்க மதினி. குண்டு தண்ணியில தட்டுற சத்தம் கேட்டதும் விளிம்புல என்ன நம்பர் இருக்கோ அத எழுதுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க, சொன்னத மட்டும் செய்யுங்க"ன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்த நான் சொல்லாம இருந்திருக்கலாம்.

மதினி எழுதுனாங்க. இருபது மாசம். ஒரு நாள் விடாம. உரக்கடையில குடுத்த டைரியில, வட்ட வட்டமான எழுத்துல. மாசக் கடைசியில போன் போட்டு ஒவ்வொண்ணா வாசிப்பாங்க, நான் ஹாஸ்டல் வராந்தாவுல நின்னு எழுதிக்குவேன்.

முதல் ஒம்பது மாசம் எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. மழைக்கு ஏறுனது, வெயிலுக்கு எறங்குனது. 2007 வைகாசியில தண்ணி பதினாலு அடியில. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறங்க ஆரம்பிச்சுச்சு. மழைக்கு ஏற வேண்டிய அளவு ஏறல. இந்த வருசம் சித்திரைக் கடைசியில பதினாறே கால். ஒரே வருசத்துல ரெண்டே கால் அடி. நாப்பதால பெருக்கிப் பாருங்க. தொண்ணூறு அடி உப்பு மேல வருது.

என் மாடல் அத ஒத்துக்கவே இல்ல. இம்புட்டு மழை பெஞ்சிருக்கு, இம்புட்டு ஆளு குடிக்குது, இது எறங்க வழியில்லன்னு அடம் புடிச்சுச்சு. நான் விடுவேனா? கிணத்துக்குக் கிழக்க யாரோ ராவும் பகலும் மோட்டாரு போட்டு எறைக்கிறதா ஒரு நம்பரப் போட்டேன். பத்தல. கொஞ்சம் கூட்டுனேன். இன்னும் கொஞ்சம். மதினி அளந்த கோடும் மாடல் போட்ட கோடும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே ஒக்காந்துருச்சு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, மெஸ்ஸுல ரெண்டு முட்டை வாங்கித் தின்னேன். மாடல முன்னால ஓட விட்டா, 2010 கோடையில கிணறு உப்பாயிரும்னு சொல்லுச்சு.

கைடுக்குச் சொல்றதுக்கு முந்தி அண்ணனுக்குப் போன் போட்டேன். அதுதான் நான் பண்ணுன முட்டாத்தனம்.

அண்ணன் "நெசந்தானா?"ன்னாரு. "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? எனக்குத் தெரியாதா?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். எறா வளர்க்கப் பண்ணை வைக்கிறேன்னு ஒருத்தரு ஒரு வருசமா எங்க புஞ்சையக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. பண்ணைன்னா உப்புத் தண்ணியக் குட்டையா நிப்பாட்டுவாங்க. பக்கத்துல நல்ல தண்ணிக் கெணறு தாங்காது. அதனாலயே அண்ணன் முடியாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தவரு. இப்ப, எப்படியும் போகப் போற கிணறுதானேன்னு சரின்னுட்டாரு. வர்ற திங்கக்கெழம காலையில பத்து மணிக்குப் பண்ணைக்காரரு பத்திரத்தோட வர்றாரு. ஊருக்கு லாரித் தண்ணி தர்றேன்னு பேச்சு. இத எங்கிட்ட மதினிதான் போன்ல சொன்னாங்க, அழுதுக்கிட்டே. "நேத்துக்கூடக் குடிச்சேன் பூமயிலு, தண்ணி எளநி கணக்கா இருக்கு"ன்னாங்க. "நாக்க வச்செல்லாம் இத அளக்க முடியாது மதினி"ன்னு வச்சுட்டேன்.

அந்த வெள்ளிக்கெழமதான் இராமலட்சுமி மேடம், என் கைடு, என் கிராஃபப் பாத்தாங்க. அவங்க சத்தம் போட மாட்டாங்க. பென்சில வச்சு ஒரே எடத்துல தட்டுவாங்க.

"பங்குனியில பருவம் தப்பி மழை கொட்டிருக்கு. இங்க தண்ணி ஏறவே இல்லையே, ஏன்?"

"கிழக்க பம்பிங் இருக்கு மேடம். அத இழுத்துருச்சு."

"அந்தப் பம்பிங் எங்கேருந்து வந்துச்சு?"

"மாடலச் சரிக்கட்டும்போது வந்துச்சு மேடம்."

"மாடல்ல வந்தது சரி பூமயில். ஊர்ல யாரோட மோட்டாரு? பேரு சொல்லு."

எங்க ஊர்ல எனக்குத் தெரியாத மோட்டாரு கிடையாது. பேரு சொல்ல ஒரு பேரும் வரல.

"போய்ப் பாத்துட்டு வா. அந்த மோட்டாரு இருந்தா நீ சொல்றது சரி. இல்லன்னா நீ மாடல் பண்ணல, கோட்டுக்குக் கோடு ஒட்டியிருக்க"ன்னாங்க. அப்பத்தான் அண்ணன் திங்கக்கெழம கையெழுத்துப் போடப் போறது எனக்கு நெஞ்சுல வந்து நின்னுச்சு. டிபார்ட்மெண்ட்ல எனக்குப் படிப்புக்குக் குடுத்திருந்த லேப்டாப்பத் தூக்கிக்கிட்டுச் சாயங்காலமே பஸ் ஏறுனேன்.

சனிக்கெழம காலையில எறங்குனதும் பைய வீட்டுல போட்டுட்டு மோட்டாரு தேடப் போனேன். அண்ணன் கமுதிக்கு மொளகாய் கொண்டு போயிருந்தாரு, ஞாயித்துக்கெழம சாயங்காலந்தான் வருவாரு. கிழக்க ஒவ்வொரு தோப்பாப் போய்ப் பாத்தேன். கரண்டு கம்பி எங்கிட்டும் போகல. டீசல் வாடை எங்கிட்டும் இல்ல. பால்சாமி சித்தப்பா தோப்புல ஒரு பழைய மோட்டாரு கெடந்துச்சு, உள்ள கோழி அட வச்சிருந்துச்சு. "என்னாத்தா தேடுற?"ன்னாரு. சொன்னேன். "எங்கன எறைச்சாலும் உப்புத்தானே தாயி வரும், எந்தக் கிறுக்கன் மோட்டாரு போடுவான்?"ன்னு கேட்டுட்டு வேலையப் பாக்கப் போயிட்டாரு.

மோட்டாரு இல்ல. அப்ப தண்ணி எங்க போச்சு? வெயில்ல வேர்த்து ஊத்த, வீட்டுக்குத் திரும்பி வாரப்ப எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோணுச்சு. அந்தப் பதிலோட நேரா அடுப்படிக்குப் போய் நின்னேன்.

"மதினி, உண்மையச் சொல்லுங்க. கிணத்தடிக்குப் போகாம வீட்டுல ஒக்காந்துக்கிட்டே நம்பர் எழுதுனீங்களா?"

மதினி கையில இருந்த அகப்பைய அப்படியே வச்சாங்க. உள்ள போய் அந்த உர டைரிய எடுத்துட்டு வந்து ஒரு பக்கத்தத் திருப்பி எம் முன்னால வச்சாங்க. கார்த்திகை மாசம், ஒரு செவ்வாக்கெழம. பதிமூணரைன்னு எழுதியிருந்துச்சு.

"இது எந்த நாள்னு தெரியுதா? எங்கய்யா செத்த நாளு. விடிய நாலு மணிக்கு கமுதியில இருந்து போன் வந்துச்சு. ஒங்கண்ணன் வண்டி புடிக்கப் போனாரு. நான் அழுதுக்கிட்டே போய் அளந்துட்டுத்தான் வண்டியில ஏறுனேன். எம்புட்டுத் தூரம் அழிஞ்சிருக்கு பாரு, அது பேனா மை கசிஞ்சதில்ல."

எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரலாம்போல இருந்துச்சு. மதினி மேல தப்புன்னு சொன்ன வாய எங்க கொண்டு போய் வைக்க? "மன்னிச்சுக்கங்க மதினி"ன்னு சொன்னேன். "மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும், வா, நீயே அளந்து பாரு"ன்னு டேப்ப எடுத்துக்கிட்டு முன்னால நடந்தாங்க.

ரெண்டு பேரும் சேர்ந்து அளந்தோம். சுவத்து விளிம்புல டேப்ப வச்சு எறக்குனேன். குண்டு தட்டுச்சு. பதினாறரை. காலையில இருந்து ஊரே எறைச்சதுல கால் அடி எறங்கியிருக்கும், அதக் கழிச்சா மதினி காலையில எழுதுன பதினாறே கால் அச்சாச் சரி. மதினி எழுதுனதுல ஒரு மயிரிழை தப்பில்ல. தண்ணி நெசமாவே எறங்கிருச்சு. மதினி மொகத்துல, ஜெயிச்சோம்ங்கிற சந்தோசம் ஒரு நிமிசம் வந்துச்சு, அப்புறம் அதுக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சதும் போயிருச்சு. கிணத்தோட போகப் போறது அவங்க இருபது வருசமா தண்ணி ஊத்தி வளர்த்த தென்னையும்தானே.

சாயங்காலம் வரைக்கும் கிணத்துப் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். லேப்டாப்ப மடியில வச்சு அந்தக் கிராஃபையே பாத்துக்கிட்டு. ஒரு அஞ்சு மணி இருக்கும். கூத்தையா மாமா வந்தாரு. தலையில சாந்துச் சட்டி, கக்கத்துல கரண்டி, கூட ஒரு கூடையில செங்கல். எம் பக்கம் திரும்பி, "என்ன தாயி, கம்ப்யூட்டருல தண்ணி ஊறுதா?"ன்னு கேட்டுட்டு, சட்டிய எறக்கி வச்சாரு. கிணத்துச் சுவத்து மேல கலவையப் பரப்புனாரு. ஒரு செங்கல எடுத்து வச்சுத் தட்டுனாரு. அடுத்தத எடுத்தாரு.

நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் என்ன பாக்குறோம்னே எனக்குத் தெரியல.

"மாமா, என்ன பண்றீங்க?"

"ராக்கு வீட்டுல அடுப்படிக்குத் தளம் போட்டோம். மிச்சக் கலவை."

எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. யாரு வீட்டுல கட்டட வேலை நடந்தாலும், சாயங்காலம் மிஞ்சுற கலவைய வீட்டுக்காரரும் எடுக்க மாட்டாங்க, கொத்தனாரும் எடுக்க மாட்டாரு. அது பொதுக் காரியத்துக்கு. ஒரு வருசம் கோயில் படிக்குப் போகும், ஒரு வருசம் குழாயடிக்குப் போகும். எதுக்குன்னு ஊர்ல பேசி வச்சுக்குவாங்க. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதைதான்.

"அது சரி மாமா, கிணத்துச் சுவத்துக்கு எதுக்குப் போடுறீங்க?"

அவரு கரண்டிய நிறுத்திட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "எதுக்கா? நீ சொல்லித்தான தாயி போடுறேன். போன வருசம் ஆனியில லீவுக்கு வந்தப்ப, ஒங்கண்ணன் மக சேது எட்டிப் பாத்துச்சுன்னு இந்த எடத்துல நின்னு என்னா கத்து கத்துன. சுவரு முழங்கால் ஒசரம் கூட இல்ல, பிள்ளை விழுந்தா யாரு பதில் சொல்லுவா, ஊர்ல கொத்தனாருன்னு ஒருத்தரு இருந்து என்ன பிரயோசனம்னு கேட்டியா இல்லையா? அன்னைக்கு இருந்து ஊர்ல மிஞ்சுற கலவை பூராவும் இங்கனதான் வருது. இது பதினோராவது வரி."

நான் லேப்டாப்பக் கீழ வச்சுட்டு எந்திரிச்சேன். சுவத்தப் பாத்தேன். கீழ ஒன்றரை அடிக்கு அய்யா காலத்துல பூசுன பழைய சிமிண்டுப் பூச்சு. அதுக்கு மேல பூசாத செங்கல், ஒண்ணு மேல ஒண்ணா. வெரல வச்சு எண்ணுனேன். பத்து. ஒவ்வொண்ணும் கலவையோட சேர்த்து மூணு அங்குலம். பத்து மூணு முப்பது. ரெண்டரை அடி.

தண்ணி எறங்கல. சுவரு ஏறியிருக்கு.

மதினி சுவத்து விளிம்புல இருந்து அளந்தாங்க. நான் சொன்னதுதான். வேற எதையும் யோசிக்காதீங்கன்னு நான் சொன்னதுதான். சுவரு ஏற ஏற விளிம்பும் ஏறுச்சு, தண்ணி அங்கனயே நின்னுச்சு. சுவத்த ஒசத்தச் சொன்னதும் நான். இதுல கூத்தையா மாமா தப்பு எங்க, மதினி தப்பு எங்க? இன்னும் கேளுங்க. பொங்கலுக்கு வந்தப்ப நானும் மதினியும் அந்தச் சுவத்துல சாஞ்சு நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோம். என் லேப்டாப்பத் தொறந்தா மொதல்ல தெரியிற படமே அதுதான். நாலு மாசமா தெனமும் அந்தச் சுவரப் பாத்துட்டுத்தான் அதுக்கு மேல கிராஃபத் தொறந்திருக்கேன். பூசாத செங்கல் ஆறு வரி பளிச்சுனு தெரியுது.

எனக்குச் சிரிப்பு வந்துச்சா அழுகை வந்துச்சான்னு தெரியல. ரெண்டும் வந்துச்சு. "மாமா, தயவுசெஞ்சு அந்த வரிய மட்டும் போடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். "அப்ப இந்தக் கலவைய என்ன பண்ண? காஞ்சு போயிரும் தாயி"ன்னு அவரு கவலை அவருக்கு. மதினி ஓடி வந்தாங்க. சொன்னேன். ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. புரிஞ்சதும் மதினி தரையில ஒக்காந்துட்டாங்க. "அப்ப கெணறு போகலையா?"

"போகல மதினி."

"ஏண்டி, இருபது மாசம் நான் அளந்தது கெணத்தையா, கூத்தையண்ணன் வேலையையா?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு மாசத்துல அவங்க குரல்ல பழைய கேலி அப்பத்தான் எட்டிப் பாத்துச்சு.

ஞாயித்துக்கெழம பூரா கணக்கு. எந்த வரி எந்தத் தேதியில ஏறுச்சுன்னு தெரிஞ்சாத்தான் நம்பரத் திருத்த முடியும். மதினியும் கூத்தையா மாமாவும் எம் முன்னால ஒக்காந்து சொல்லச் சொல்ல எழுதுனேன். காளி கோயில் மடப்பள்ளி, ரெண்டு வரி, ஆடி. பால்சாமி சித்தப்பா வீட்டுக் கக்கூஸ், ஒரு வரி, ஆவணி. துபாய்ல இருக்கிற பாக்கர் பாய் வீட்டு மாடி, மூணு வரி, ஐப்பசி. ரேஷன் கடை, ஒரு வரி, தை. வேல்சாமி வீட்டு மாட்டுத் தொட்டி, ரெண்டு வரி, பங்குனி. குல்சும் அக்கா வீட்டுப் படிக்கட்டு, ஒரு வரி, சித்திரை. பொங்கல் போட்டோவுல எண்ணிப் பாத்தேன், ஆறு வரி, கணக்கு நேராச்சு. இந்தப் பட்டியல் இன்னைக்கும் என் தீசிஸ்ல மூணாவது பின்னிணைப்பா இருக்கு. வைவாவுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் அதுல மாட்டுத் தொட்டியப் படிச்சதும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு.

அந்த மாட்டுத் தொட்டிதான் மேடம் கேட்ட கேள்விக்குப் பதில். பங்குனி மழைக்கு நெசமாவே தண்ணி அரை அடி ஏறியிருக்கு. அதே வாரத்துல ரெண்டு வரி சுவரும் அரை அடி ஏறியிருக்கு. மழைய அந்தத் தொட்டி முழுங்கிருச்சு.

இல்லாத மோட்டார மாடல்ல இருந்து தூக்கிப் போட்டேன். திருத்துன நம்பரப் போட்டு ஓட விட்டேன். மூணு மணி நேரம் ஆகும். அந்த வருசம் கரண்டு எப்பப் போகும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பாட்டரி ஒரு மணி நேரம் தாங்குனாப் பெருசு. மதினி விசிறிய எடுத்து எனக்கு வீசாம லேப்டாப்புக்கு வீசுனாங்க, "சூட்டுல நின்னு தொலைச்சிரப் போகுது"ன்னு. கரண்டு போகல. ரெண்டு கோடும் வந்துச்சு. நான் ஒண்ணும் தள்ளல, இழுக்கல, தானாவே ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்துச்சு. என் மாடல் மொதல்ல இருந்தே சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நாந்தான் அத அடிச்சுப் பணிய வச்சிருக்கேன். பக்கத்துல எறாக் குட்டை வந்தா என்ன ஆகும்னு இன்னொரு தடவை ஓட விட்டேன். மூணு மழைக்காலத்துக்குள்ள கெணறு உப்பு. குட்டை இல்லன்னா, மாடல் ஓடுன இருபது வருசத்துக்கும் ஒண்ணும் ஆகல.

சாயங்காலம் அண்ணன் வந்தாரு. செருப்பக் கழட்டுறதுக்குள்ள எல்லாத்தையும் கொட்டுனேன். அவரு சந்தோசப்படுவாருன்னு நெனைச்சேன். மொகம் கறுத்துப் போச்சு.

"போன மாசம் கெணறு போகுதுன்ன. இப்பப் போகலங்குற. நாளைக்கு அந்தாளு வாராரு. வாக்குக் குடுத்துட்டேன். ரெண்டுல எத நான் நம்ப?"

"இதப் பாருங்கண்ணே, இந்தக் கோட்டப் பாருங்க."

"ஓம் பொட்டிய மூடு புள்ள"ன்னாரு. "விடியட்டும். நானே அளக்குறேன்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பதிலுக்குக் கத்தல. கத்துறதுக்கு எனக்கு மொகம் இல்ல.

திங்கக்கெழம விடிஞ்சும் விடியாம நாலு பேரும் கிணத்தடிக்குப் போனோம். அண்ணன், மதினி, நான், கூப்பிடாமலே கூத்தையா மாமா. ஊர்ல யாரும் இன்னும் வாளி எடுத்துட்டு வரல. அண்ணன் பழைய பூச்சு முடியிற எடத்த வெரலால தடவிப் பாத்தாரு. "இங்கன இருந்துதான மொத வருசம் அளந்தது?" மதினி தலையாட்டுனாங்க. அண்ணன் சுவத்து மேல வயித்தச் சாச்சுக் குனிஞ்சு, டேப்ப அந்தப் பழைய விளிம்புக்கு நேராப் புடிச்சு எறக்குனாரு. அடியில குண்டு தட்டுச்சு. அவரு ஒரு தடவை தூக்கி, மறுபடியும் எறக்குனாரு. மூணாவது தடவையும் எறக்குனாரு.

"போன வருசம் இதே வாரம் எம்புட்டு?"ன்னு தலையத் தூக்காமக் கேட்டாரு.

மதினி டைரியப் பாக்கவே இல்ல. "பதினாலு."

"பதிமூணே முக்கா"ன்னாரு அண்ணன். "கால் அடி ஏறியிருக்கு."

அவரு நிமிர்ந்தாரு. டேப்ப நிதானமாச் சுத்துனாரு. ஒரு வாளி எறைச்சு, மண்டியிட்டு ரெண்டு கையிலயும் அள்ளி அள்ளிக் குடிச்சாரு, அப்புறம் மிச்சத்த அப்படியே தலையில ஊத்திக்கிட்டாரு. நனைஞ்ச மொகத்தத் துண்டால தொடைக்கத் தொடைக்கக் கண்ணு மட்டும் ஈரமாவே இருந்துச்சு. ஒரு மாசமா அந்த மனுசன் சரியாத் தூங்கல, சாப்பிடலன்னு அப்புறம் மதினி சொன்னாங்க. அய்யா வெட்டுன கெணத்த நாம்தான் மூடப்போறோம்னு அவரு யாருகிட்டயும் சொல்லாம உள்ளயே வச்சு அரைச்சிருக்காரு. எனக்கு அது தெரியாது. நான் அவருகிட்ட அடியும் அங்குலமும்தான் பேசியிருக்கேன்.

பத்து மணிக்குப் பண்ணைக்காரரு ஜீப்புல வந்தாரு. மடியில ஃபைலு. அண்ணன் சேரு போட்டு ஒக்கார வச்சாரு. மதினி ஒரு சொம்புத் தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க. அவரு வெயில்ல வந்த மனுசன், ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சாரு.

"தண்ணி நல்லாத்தான இருக்கு செல்லச்சாமி. இதையா உப்பாப் போகும்னீங்க?"

"எந் தங்கச்சிதான் சொன்னா. அதுக்குன்னே எம்.டெக். படிக்கிறவ."

பண்ணைக்காரரு என்னையத் திரும்பிப் பாத்தாரு. எனக்குக் காது ரெண்டும் எரிஞ்சுச்சு.

"இப்ப அவளே இல்லன்னும் சொல்லிட்டா. மன்னிச்சுக்கங்க. எங்களால குடுக்க முடியாது"ன்னு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாரு. பண்ணைக்காரரு எம்புட்டோ பேசிப் பாத்தாரு. அண்ணன் எல்லாத்தையும் மரியாதையாக் கேட்டுக்கிட்டாரு. கடைசியில, "வெயிலு ஏறுது, இன்னொரு சொம்பு குடிச்சுட்டுக் கெளம்புங்க"ன்னாரு.

ஜீப்பு போனதும் கூத்தையா மாமா பழைய பூச்சுக்கு நேரா சுவத்துல சிவப்புப் பெயிண்டுல ஒரு கோடு இழுத்தாரு. "இனிமே நான் எத்தனை வரி போட்டாலும் இங்கன இருந்துதான் அளக்கணும், தெரியுதா?"ன்னு என்னையும் மதினியையும் பாத்துச் சொல்லிட்டு, காஞ்சு போன சட்டியத் தூக்கிக்கிட்டுப் போனாரு.

மதினி டைரிய எடுத்து வந்து எங்கிட்ட நீட்டுனாங்க. "நீயே எழுது. நான் வீட்டுல ஒக்காந்து எழுதுனேன்னு நாளைக்குச் சொல்லுவ."

"சொல்ல மாட்டேன் மதினி. நீங்களே எழுதுங்க."

மதினி சுவத்து மேல டைரிய வச்சு, தேதி போட்டு, அந்த வட்ட எழுத்துல பதிமூணே முக்கால்னு எழுதுனாங்க. எழுதி முடிச்சதும் பேனாவ மூடாம என்னையப் பாத்து, "நாளைக்குச் செவ்வாக்கெழம. அளக்கணுமா, வேணாமா?"ன்னு கேட்டாங்க.

"அளங்க மதினி"ன்னேன்.